"தப்புன்னு தள்ளிட்டாங்க அத்தை!"

கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது காமயகவுண்டன்பட்டி. ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு நீளமாகச் சொல்லப் பொறுமை இல்லை, கே.கே.பட்டி என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை விளைகிற பூமி. வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். என் நாத்தனாரை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறோம்.

போன தடவை போயிருந்தபோது நாத்தனார் மகள் பிரசவத்துக்குப் பிறகு தாய் வீட்டில்தான் இருந்தாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, செல்போனும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டுக் கேட்கிறாளாக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கண் கலங்கியிருக்கிறது.

"என்னடி, என்ன விஷயம்?"

"நூறு பிட்டு கேட்டு எழுதிக் குடுத்தேன் அத்தை. நாப்பத்திரெண்டத் தப்புன்னு தள்ளிட்டாங்க. தள்ளுனதுக்குக் காசு கிடையாது. இன்னொரு தடவ இப்படி ஆனா கணக்கையே மூடிருவோம்னு வேற வந்திருக்கு. ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டுத்தேன் எழுதுனேன். எங்க தப்புன்னே தெரியல."

பி.காம். படித்த பெண். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கியவள். அவள் எழுதிய தமிழில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு தப்பு என்றால் எனக்கும் நம்ப முடியவில்லை. அன்று மத்தியானம் சாப்பாடு ஆனதும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என்ன வேலை இது?

செல்போனிடம் பேசினால் அது பதில் சொல்கிறது, பேச்சை எழுத்தாக மாற்றுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குத் தமிழ் யார் கற்றுக் கொடுக்கிறார்கள்? ஆயிரக்கணக்கான மனிதர்கள் பேசியதை ஆயிரக்கணக்கான மனிதர்கள் கேட்டு எழுத்தில் கொடுக்கிறார்கள். அதை வைத்துத்தான் இயந்திரம் கற்றுக்கொள்கிறது. படத்தைக் காட்டி இது மாடா, ஆடா என்று குறிப்பதும், ரசீதைப் பார்த்துத் தொகையை எழுதுவதும் இதே வகைதான். பெரிய வேலையைப் பொடிப்பொடியாக உடைத்து, முகம் தெரியாத ஒரு கூட்டத்திடம் இன்டர்நெட் வழியாகக் கொடுத்து வாங்குகிறார்கள்.

அமேசான் கம்பெனி 2005-ல் இதற்கென்று ஒரு சந்தை திறந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1770-ல் வியன்னா அரண்மனையில் கெம்பலென் என்பவர் செஸ் விளையாடும் பொம்மை ஒன்றைக் காட்டினார். துருக்கியர் வேஷம் போட்ட பொம்மை. ராஜாக்களையும் பிரபுக்களையும் அது தோற்கடித்தது! உண்மையில் பெட்டிக்குள் ஒரு மனிதர் முடங்கி உட்கார்ந்து காய் நகர்த்திக்கொண்டிருந்தார். அந்தத் 'துருக்கியர்' பெயரைத்தான் சந்தைக்கு வைத்தார்கள். பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற ஆளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்தார்களோ என்னவோ!

பெட்டிக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கையும் சாதாரணமில்லை. ஃபெய்-ஃபெய் லீ என்ற பெண் விஞ்ஞானி 'இமேஜ்நெட்' என்ற பிரம்மாண்டமான படத் தொகுப்பை உருவாக்கினார். 167 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 49,000 பேர் அதில் படம் பார்த்துக் குறித்தார்கள். ஒரு கோடியே நாற்பது லட்சம் படங்கள்! இன்றைய செயற்கை அறிவின் பாய்ச்சலுக்கு அஸ்திவாரம் போட்டவற்றில் அதுவும் ஒன்று.

முகம் தெரியாதவர் வேலையை எப்படி நம்புவது?

வேலை கொடுக்கிறவர்கள் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் வீட்டுக்கு வேலைக்கு ஆள் வைத்தால் பத்து நாள் கூட இருந்து பார்க்கிறோம். ஆயிரம் பேரை அப்படிப் பார்க்க முடியுமா? அதற்கு அவர்கள் சில உபாயங்கள் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, விடை தெரிந்த கேள்விகளை நடுநடுவே கலந்துவிடுவது. எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிக்கிற மாதிரி. எது சோதனைக் கேள்வி என்று நமக்குத் தெரியாது. அதில் தவறினால் மற்றதும் தவறாக இருக்கும் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, ஒரே வேலையை மூன்று நான்கு பேரிடம் கொடுத்து, பெரும்பாலோர் சொன்னதை எடுத்துக்கொள்வது. இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1906-ல் இங்கிலாந்தில் பிளிமத் நகரத்துக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையைக் காட்டி, வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு தேறும் என்று போட்டி வைத்தார்கள். 787 சீட்டுகள் தேறின. கால்ட்டன் என்ற விஞ்ஞானி அவற்றை வாங்கி வரிசைப்படுத்தி நடுவில் இருந்த எண்ணைப் பார்த்தார். 1,207 ராத்தல். நிஜ எடை 1,198. கசாப்புக்காரரும் குமாஸ்தாவும் போட்ட குத்துமதிப்புகள் சேர்ந்து எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டன, பாருங்கள்!

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவர் கூட்டிச் சொல்வார், ஒருவர் குறைத்துச் சொல்வார், அதனால் தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எல்லோரும் ஒரே பக்கம் தப்புச் செய்தால்? பெரும்பான்மையே தப்பாகிவிடும். என் நாத்தனார் மகள் விஷயத்தில் இதுதான் முடிச்சு.

முடிச்சு அவிழ்ந்த இடம்

தள்ளுபடியான ஒரு பிட்டைப் போடச் சொல்லிக் கேட்டேன். ஒரு கிழவரின் குரல். நம்ம பக்கத்துப் பேச்சு. "அவுக நேத்தே வந்துட்டாக, நாந்தேன் பாக்கல" என்கிறார். இவள் எழுதியிருப்பது: 'அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள், நான்தான் பார்க்கவில்லை.'

"ஏண்டி, அவர் அப்படியா சொன்னாரு?"

"அவரு கொச்சையாச் சொன்னாரு அத்தை. நாம எழுதும்போது சரியாத்தான எழுதணும்? பேச்சு வழக்குல எழுதுனா எங்க தமிழ் டீச்சர் ரெண்டு மார்க் கொறைச்சிருவாங்க."

வேலைக் குறிப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். ஆறு பக்கம், முழுக்க இங்கிலீஷ். நான்காவது பக்கத்தில் ஒரு வரி: காதில் விழுந்தது விழுந்தபடி எழுத வேண்டும், திருத்தக் கூடாது. அந்த வரியை இவள் படிக்காமல் இல்லை. 'சொல்லை விடக் கூடாது, கூட்டக் கூடாது' என்று அர்த்தம் செய்துகொண்டாள். 'வந்துட்டாக'வை 'வந்துவிட்டார்கள்' என்று எழுதுவது திருத்தம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அது எழுத்து முறை, அவ்வளவுதான்.

இயந்திரத்துக்கோ 'வந்துட்டாக'தான் வேண்டும். கே.கே.பட்டிக் கிழவர் நாளைக்கு அதனிடம் பேசும்போது புரிய வேண்டுமே!

ஆக, அக்கறையில்லாமல் செய்தவள் தப்புச் செய்யவில்லை. அக்கறையாக, படித்த படிப்புக்கு மரியாதை கொடுத்துச் செய்தவள் தப்புச் செய்தாள். கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்: 58 மார்க். பக்கத்துத் தெருவில் இதே வேலை செய்கிற மூன்று பெண்களை விசாரித்தோம். மூவரும் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். எல்லோரும் அதே பள்ளிக்கூடம், அதே மாதிரி தமிழ் டீச்சர்! விடை தெரிந்த கேள்வி கலக்காமல் பெரும்பான்மையை மட்டும் பார்த்திருந்தால், கேட்டபடி எழுதிய ஐந்தாவது பெண் ஒருத்தி இருந்து அவளைத்தான் தப்பு என்று தள்ளியிருப்பார்கள்.

உப்புக் குறைவு என்று சொல்லும் மாமியார்

எங்கள் வீட்டில் என் மாமியார் எந்தக் குழம்பை வாயில் வைத்தாலும் "உப்புப் பத்தல" என்பார். முப்பது வருஷமாக அதே வார்த்தை. முதல் வருஷம் நான் அழுதேன். அப்புறம் கணக்குத் தெரிந்துவிட்டது: அவர் 'பத்தல' என்றால் சரியாக இருக்கிறது, 'பரவாயில்ல' என்றால் கரிக்கிறது! அவர் நாக்கை நம்பியே நான் உப்புப் போடலாம். எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று தெரிந்தால் போதும். என் கொழுந்தன் கதை வேறு. பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, கேட்டால் ஏதோ ஒன்றைச் சொல்வார். ஒரு நாள் குறைவு, ஒரு நாள் கூட. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இதையேதான் 1979-ல் டேவிட், ஸ்கீன் என்ற இரண்டு புள்ளியியல் நிபுணர்கள் கணிதமாக எழுதினார்கள். 45 நோயாளிகள் மயக்க மருந்தைத் தாங்குவார்களா என்று ஐந்து மயக்க மருந்து டாக்டர்கள் தனித்தனியாகச் சொன்ன கணிப்பை அதில் உதாரணமாகக் காட்டினார்கள். எந்த நோயாளி விஷயத்தில் எது சரியான விடை என்பது முன்கூட்டித் தெரியாது. டாக்டர்கள் ஒருவரோடு ஒருவர் எங்கே ஒத்துப் போகிறார்கள், எங்கே விலகுகிறார்கள் என்பதை மட்டும் வைத்து, ஒவ்வொருவரின் சாய்வையும் கணக்கிட்டு, நோயாளியின் நிலைமையையும் அனுமானிக்க முடியும் என்று காட்டினார்கள். இன்று இன்டர்நெட் வேலையில் ஆளை எடை போடும் பல முறைகளுக்கு அதுதான் மூலம்.

அதாவது, 'எத்தனை தப்பு' என்று மட்டும் கேட்டால் போதாது, 'என்ன மாதிரித் தப்பு' என்றும் கேட்க வேண்டும். ஒரே மாதிரித் தப்பு திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஆள் கவனமாகத்தான் செய்கிறாள், ஏதோ ஒன்று புரியவில்லை என்று அர்த்தம். ஒரு வரி சொன்னால் சரியாகிவிடும். நாற்பத்திரண்டு தள்ளுபடியும் ஒரே ரகம் என்பதை யாராவது ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சில சமயம் தப்பு என்பதே கிடையாது. வாழைக்காய் படத்தைக் காட்டி 'பழமா, காய்கறியா?' என்று கேட்கிறார்கள். வறுவலுக்கு நறுக்குகிறவள் காய்கறி என்பாள். வாழைக்காயே பார்க்காத தேசத்துக்காரர் பழம் என்பார். இதில் யாருக்கு மார்க் குறைப்பது? லோரா அரோயோ, கிறிஸ் வெல்டி என்ற ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் இதைப் பற்றியே எழுதினார்கள்: பலர் மாறுபட்டுச் சொன்னால் அதைக் குப்பை என்று தள்ளாதீர்கள், கேள்வியிலேயே தெளிவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம் என்று.

கூலி இல்லாமல் செய்கிறவர்கள்

காசு வாங்காமல் இதே மாதிரி வேலை செய்கிற கூட்டமும் தமிழில் இருக்கிறது. 1998 பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து வலையேற்றினார்கள். இன்று விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களைப் பக்கம் பக்கமாகத் திருத்துகிறார்கள். அங்கே இருக்கிற ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். இரண்டாவது ஆள் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது! எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. தன் கண்ணுக்குத் தன் தப்புத் தெரியாது என்று அங்கே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மொஸில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்திலும் ஒருவர் வாக்கியத்தைப் பேசிப் பதிய, மற்றவர்கள் கேட்டுச் சரியா இல்லையா என்று ஓட்டுப் போடுகிறார்கள். தமிழும் அதில் உண்டு.

இன்னும் பின்னால் போனால் ஆக்ஸ்போர்டு அகராதி. ஜேம்ஸ் முர்ரே 1879-ல் ஆசிரியராகி, 'புத்தகம் படிக்கிறவர்கள் சொல்லையும் வாக்கியத்தையும் சீட்டில் எழுதி அனுப்புங்கள்' என்று ஊருக்கெல்லாம் வேண்டுகோள் விடுத்தார். லட்சக்கணக்கில் சீட்டுகள் குவிந்தன. குப்பையும் வந்தது, மாணிக்கமும் வந்தது. மாணிக்கமாக அனுப்பியவர்களில் ஒருவர் டாக்டர் மைனர். அவர் மனநோயின் வேகத்தில் ஒரு கொலை செய்துவிட்டு பிராட்மூர் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர். விண்ணப்பம் வாங்கி, விலாசம் பார்த்து ஆள் எடுத்திருந்தால் அவருக்கு அந்த வேலை கிடைத்திருக்குமா? முர்ரே சீட்டைப் பார்த்தார்.

கூலிக் கணக்கு

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நூறு பிட்டுக்கு அவளுக்கு ஆனது ஐந்து மணி நேரம். குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து மூன்று நாளில் முடித்திருக்கிறாள். பிட்டுக்கு ஒன்றரை ரூபாய். எல்லாம் தேறியிருந்தால் 150 ரூபாய். தேறியது 58, கிடைத்தது 87 ரூபாய். மணிக்கு 17 ரூபாய் 40 காசு! குறிப்பைப் படித்த நேரமும் சந்தேகம் கேட்டுக் காத்திருந்த நேரமும் இதில் சேராது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அப்பத்தா திராட்சைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் பழம் கழித்தவர். குலையில் வெடித்ததையும் அழுகியதையும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டுப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அவர் சொன்னார்: "பெட்டிக் கணக்குக் கூலின்னா கை ஓடும், கண்ணு ஓடாது. நாள் கூலின்னா கண்ணு ஓடும், வாயும் சேந்து ஓடும். எங்க மொதலாளி பெட்டிக்கணக்குதேன் குடுப்பாரு. ஆனா மொதப் பெட்டிய மட்டும் அவரே பக்கத்துல நின்னு பிரிச்சுக் காட்டிருவாரு, இது வேணும் இது வேணாம்னு. அதுக்கப்புறம் எம்பெட்டிய ஒருநாளும் தட்டினதில்ல."

ஆறு பக்க இங்கிலீஷ் குறிப்பு செய்யாததை அந்த முதல் பெட்டி செய்துவிடுகிறது!

நல்ல விதமாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ என்ற நிறுவனம் திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களிலேயே ஆபீஸ் வைத்துப் பெண்களுக்கு இந்த மாதிரி வேலை கொடுத்தது. பெங்களூரின் 'கார்யா' அமைப்பு மணிக்கு ஏறக்குறைய 5 டாலர் கொடுப்பதைப் பற்றி 2023-ல் 'டைம்' பத்திரிகை விரிவாக எழுதியது. கர்நாடகக் கிராமத்துப் பெண்கள் தங்கள் கன்னடத்தைப் பேசிப் பதிவு செய்தார்கள். காசநோயைப் பற்றிக் கிராமத்தாருக்கு அவர்கள் பாஷையிலேயே சொல்லும் ஏற்பாட்டுக்கு அது பயன்படுமாம்.

மேரி கிரே, சித்தார்த் சூரி என்ற இருவர் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இந்த வேலைக்காரர்களைத் தேடிப்போய்ப் பார்த்து 2019-ல் புத்தகம் எழுதினார்கள். ஒவ்வொருவரும் தனித்தனித் தீவு என்று கம்பெனிகள் நினைத்துக்கொண்டிருக்க, இவர்களோ போனிலும் நேரிலும் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்து, நல்ல வேலை வந்தால் தகவல் சொல்லி, கெட்டவர்களைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருந்தது தெரிய வந்தது. குழாயடியில் நாம் செய்வதுதானே!

நாங்கள் செய்தது

முதலில், தள்ளுபடியான நாற்பத்திரண்டிலிருந்து ஐந்தை எடுத்து, கிழவர் சொன்னது, இவள் எழுதியது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மேற்பார்வையாளருக்கு அனுப்பச் சொன்னேன். கெஞ்சலும் வேண்டாம், கோபமும் வேண்டாம். "பேச்சில் உள்ளபடி 'வந்துட்டாக' என்று எழுத வேண்டுமா? அப்படியானால் மீண்டும் எழுதித் தர அனுமதி உண்டா?" என்று இரண்டே கேள்வி. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. பழையதற்குக் காசு தர முடியாது; ஆனால் கணக்கை மூடமாட்டோம்; இனி பேச்சில் உள்ளபடி எழுதவும் என்று. கூடவே தமிழில் பத்து மாதிரி வாக்கியங்கள் வந்தன. பத்தும் பத்து விதம். அது முதல் நாளே வந்திருக்கலாம்!

அதற்குப் பிறகு அவளும் தெருப் பெண்கள் மூவரும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். குழப்பமான இடத்தை அதில் எழுதுவது, சாயங்காலம் பேசி முடிவு செய்வது, முடிவு தெரியாததை மட்டும் சேர்த்து மேலே கேட்பது. புது வேலை வந்தால் முதலில் ஐந்து மட்டும் செய்து கொடுத்து, முடிவு வந்த பிறகு மற்றதைத் தொடுகிறார்கள். ஆனால் ஒரே வேலையை நான்கு பேருக்குக் கொடுத்திருந்தால் ஒருத்தி எழுதியதை மற்றவள் பார்ப்பதில்லை. விதியைப் பேசலாம், விடையைப் பேசக் கூடாது என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். தனித்தனியாக எழுதினால்தானே அந்த நாலு பேர் கணக்குக்கு அர்த்தம்?

இந்த வேலையில் இறங்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலை கொடுக்க முன்பணம் கேட்டால் அது வேலையே இல்லை. 'வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஓட்டலுக்கு ஸ்டார் போடுங்கள்' என்று ஆரம்பித்து, முதலில் நூறு இருநூறு அனுப்பி ருசி காட்டி, பிறகு பெரிய தொகை கட்டச் சொல்லி ஏமாற்றுகிறார்கள். ஓ.டி.பி., ஆதார், பாங்க் பாஸ்வேர்டு எதையும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து வைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தைக் குறித்து மணிக்கு என்ன தேறுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபாசமான, கோரமான படங்களைப் பார்த்துப் பிரிக்கிற வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். அதைப் பார்த்தவர்களுக்குத் தூக்கம் கெட்டு, மனசு பாதிக்கிறது.

உடம்பையும் பார்க்க வேண்டும். இவள் தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டு, கழுத்தைக் குனிந்து மடியில் போனை வைத்துப் பார்ப்பாள். கழுத்தும் கட்டை விரலும் வலிக்காமல் என்ன செய்யும்? போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்துக்கொள்ளச் சொன்னேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபது அடி தள்ளி இருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் டாக்டர்கள். அவள் வீட்டு வாசலில் நின்றால் மேற்கே மலையே தெரிகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்! ஒயரின் சத்தத்தைக் குறைத்துக் கேட்பது காதுக்கு நல்லது, குழந்தை அழுவதும் கேட்கும். பால் கொடுக்கும் தாய் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. கண் சொருகும்போது செய்த பிட்டுகள்தான் அதிகம் தள்ளுபடியானது என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையிலும் ஒயரும் காதுமாகத்தான் இருந்தாள். யாரோ ஒரு ஆத்தாவின் குரலாம்.

"அத்தை, 'சோத்துக்கு என்ன வெஞ்சனம்?'னு கேக்குறாங்க. முன்னன்னா 'தொட்டுக்கொள்ள என்ன?'ன்னு மாத்தி எழுதிருப்பேன். இப்ப வெஞ்சனம்னே எழுதிட்டேன். சரிபாக்குறவரு மெட்ராஸ்காரரா இருந்து, அப்படி ஒரு வார்த்தையே இல்லேன்னு தள்ளிட்டா?"

"நோட்டுல எழுதி வை."

"எழுதிட்டேன். திங்கக்கெழம முடிவு வருது. வந்ததும் போன் பண்றேன்."